குட்டிகள் மந்தையிலேயே நிற்கட்டும்: ஒருமுறை போட்ட பணம் நாற்பது ஆண்டில் பெருகும் கணக்கு

களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தின் பாறசாலைக்குள் போய்விட்டால் வட்டிக்குப் பெயர் 'பலிச'. இந்தப் பக்கம் மார்த்தாண்டத்தில் நாம் வட்டி என்கிறோம். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் புழங்கும் சொல்லுக்குத்தான் பழைய தமிழ் உறவு அதிகம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வட்டி 'பொலிசை' என்று வருகிறது. களத்தில் நெல்லை அளக்கும்போது 'பொலி, பொலி' என்று குரல் கொடுப்பார்களே, அந்தப் பொலி. பெருகுவது என்று பொருள். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று அங்கே கணக்கு இருக்கிறது. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் 12.5 சதவீதம்.

அதே காலத்துக் கல்வெட்டுகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய வேண்டுமென்றால் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். ஆடுகளை ஏற்கும் மன்றாடி, அதாவது இடையர், நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. கிழடாகிச் செத்ததற்குப் பதில் குட்டி நிற்கும். மிஞ்சிய குட்டிகள் மன்றாடிக்கு. நூறு ஆண்டு கழித்து எண்ணினாலும் கணக்கில் அதே 96 ஆடுதான்.

இதுதான் தனி வட்டி. அசல் அப்படியே நிற்கிறது, விளைச்சல் ஆண்டுதோறும் வெளியே போகிறது. கோயிலுக்கு அது சரி, விளக்கு எரிந்தால் போதும். அந்தக் குட்டிகளையும் மந்தையிலேயே விட்டு, அவை போடும் குட்டிகளையும் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் கூட்டு வட்டி.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 22 ஆண்டு கணக்கு எழுதியவன். போன ஆண்டு அண்ணன் வீட்டுப் பழைய ரப்பரை முறித்து விற்றபோது கையில் நான்கு லட்சம் நின்றது. மைனி (அண்ணி) கேட்டார்: "தம்பி, இந்த ரூவாயை எங்க போட்டா பய படிச்சு வரும்போ ஒதவும்?" பையனுக்கு அப்போது எட்டு வயது. அவருக்கு உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ரப்பர் முறித்த பணம், நாலு வழிச் சாலைக்கு நிலம் போன பணம், வளைகுடாவிலிருந்து திரும்பும்போது கணக்கு முடித்துக் கிடைத்த பணம் என்று நம் பக்கத்தில் பெருந்தொகை ஒருமுறைதான் வீட்டுக்கு வருகிறது. வந்த ஆறு மாதத்தில் அது கரைந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் படி: கடனை அடையுங்கள்

வீட்டில் 'மூணு வட்டி'க்குக் கடன் இருந்தால் முதலீட்டுப் பேச்சையே எடுக்க வேண்டாம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். கட்டாத வட்டியையும் மாதாமாதம் அசலில் ஏற்றினால் 42 சதவீதத்தைத் தாண்டும். 'பத்து வட்டி' அப்படி ஏறினால் ஒரே ஆண்டில் ஒரு லட்சம் 3.14 லட்சமாகிவிடும். கந்துவட்டிக்குத் தடை போட்டுத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்தாயிற்று. ஊரில் அது ஓய்ந்தபாடில்லை. எந்த வங்கியும் எந்தப் பங்கும் உங்களுக்கு உறுதியாக 36 சதவீதம் தராது. அந்தக் கடனை அடைப்பதுதான் அன்றைக்கு உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த முதலீடு.

இரண்டாம் படி: விண்ணப்பத்தில் அந்த ஒரு கட்டத்தைக் கவனியுங்கள்

வங்கியில் நிரந்தர வைப்புக்கு எழுதும்போது, வட்டி மாதாமாதம் வேண்டுமா, மூன்று மாதத்துக்கு ஒருமுறையா, முதிர்வின்போது மொத்தமாகவா என்று ஒரு கேள்வி இருக்கும். பேனாவை வைத்துக்கொண்டு அவசரமாக மாதாமாதம் என்று குறித்துவிட்டால், 96 ஆட்டுக் கணக்கில் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். வட்டி சேமிப்புக் கணக்கில் வந்து விழும், மளிகைக்குப் போகும். வயதானவர்களுக்கு மாத வருமானம் தேவைதான், அவர்களுக்கு அது நியாயம். பத்துப் பதினைந்து ஆண்டுக்குத் தேவைப்படாத பணமென்றால் 'முதிர்வின்போது' என்பதையே குறியுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை வட்டியை அசலில் ஏற்றுகிறார்கள் என்பதைப் பலர் பெரிதாகப் பேசுவார்கள். 7 சதவீதத்தை ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றினால் 7. நம் வங்கிகள் வழக்கமாகச் செய்வதுபோல மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினால் 7.19, தினமும் ஏற்றினால்கூட 7.25தான். அந்தக் கால் சதவீதத்துக்காகப் பெயர் தெரியாத நிறுவனத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மூன்றாம் படி: கணக்கைக் கையாலேயே ஒருமுறை போடுங்கள்

செயலியில் தட்டினால் விடை ஒரு நொடியில் வந்துவிடும், ஆனால் மனதில் ஒட்டாது. ஒரு தாளை எடுங்கள். ஒரு லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 8 சதவீதம். இந்த எட்டு ஒரு எடுத்துக்காட்டுதான்.

முதல் ஆண்டு முடிவில் 1,08,000. இரண்டாம் ஆண்டுக்கான வட்டி ஒரு லட்சத்துக்கு இல்லை, 1,08,000க்கு. ஆகவே 8,640 சேர்ந்து 1,16,640. மூன்றாம் ஆண்டு 1,25,971. நான்காம் ஆண்டு 1,36,049. ஐந்தாம் ஆண்டு 1,46,933. ஒவ்வொரு வரியையும் 1.08ஆல் பெருக்குகிறோம், வேறு வித்தையில்லை. முப்பது ஆண்டுக்கு வேண்டுமானால் 1.08ஐ முப்பது முறை தொடர்ந்து பெருக்கி, வந்த எண்ணை அசலால் பெருக்க வேண்டும். போனைப் படுக்கவைத்துக் கணிப்பானைத் திறந்தால் பல போன்களில் அடுக்குப் போடும் பொத்தான் வரும். 1.08, அடுக்கு 30 என்று தட்டினால் 10.06 என்று காட்டும். ஒரு லட்சம் பத்து லட்சத்துச் சொச்சம் ஆகிறது.

தனி வட்டியாக இருந்திருந்தால்? ஆண்டுக்கு 8,000 வீதம் முப்பது ஆண்டுக்கு 2.4 லட்சம். அசலோடு 3.4 லட்சம். அதே பணம், அதே வட்டி வீதம், அதே முப்பது ஆண்டு.

இந்த இடத்தில் மைனி ஒரு நல்ல கேள்வி கேட்டார். "பாதி வட்டியை எடுத்து பிள்ளைக்க பீஸ் கட்டிட்டு, பாதியை விட்டா போதாதா?" பாதியை எடுத்தால் பலனும் பாதியாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கு அப்படிப் போவதில்லை. எட்டில் நான்கை எடுத்துவிட்டால் பணம் நான்கு சதவீதத்தில்தான் வளரும். முப்பது ஆண்டில் ஒரு லட்சம் 3.24 லட்சம். எல்லாவற்றையும் விட்டிருந்தால் அசலுக்கு மேல் 9.06 லட்சம் வளர்ந்திருக்கும். இப்போது வளர்ந்தது 2.24 லட்சம். பாதிக் குட்டிகளை எடுத்ததற்கு முக்கால் மந்தை போய்விட்டது. இடையில் எடுத்துச் செலவழித்த பாதி வட்டியை மொத்தம் கூட்டினாலும் இன்னொரு 2.24 லட்சம்தான். எடுத்த குட்டி தனியாகப் போவதில்லை. அது போட்டிருக்கக்கூடிய குட்டிகளையும் கூட்டிக்கொண்டு போகிறது.

நான்காம் படி: 72ஐ நினைவில் வையுங்கள்

72ஐ வட்டி வீதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று தோராயமாகத் தெரியும். 8 சதவீதம் என்றால் ஒன்பது ஆண்டு. ஒரு லட்சம் 9 ஆண்டில் இரண்டு, 18இல் நான்கு, 27இல் எட்டு, 36இல் பதினாறு. துல்லியமாகப் போட்டால் 36ஆம் ஆண்டில் 15.97 லட்சம் வரும். இதைவிட நெருக்கம் தேவையில்லை. அஞ்சலகத்தில் கிசான் விகாஸ் பத்திரத்துக்கு 7.5 சதவீதம் என்று 2023 ஏப்ரலில் வைத்து, 115 மாதத்தில் இரட்டிப்பு என்றார்கள். 72ஐ 7.5ஆல் வகுத்தால் 9.6 ஆண்டு. மாதமாக மாற்றிப் பாருங்கள், அதே 115.

எனக்கு இந்த எண் அதைவிட முக்கியமான ஒரு காரணத்துக்காகப் பிடிக்கும். பொய்யைக் கண்டுபிடிக்க உதவும். 1990களில் என் அம்மா ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் பணம் போட்டார்கள். இரண்டரை ஆண்டில் இரட்டிப்பு என்றார்கள். 72ஐ இரண்டரையால் வகுத்தால் கிட்டத்தட்ட 29. வீதம் இவ்வளவு உயரும்போது இந்த வாய்ப்பாடு கொஞ்சம் குறைத்துக் காட்டும், உண்மைக் கணக்கு 32 சதவீதம். 32 சதவீதம் உறுதி என்று எழுதித் தரும் ஒருவர் அந்தப் பணத்தை எந்தத் தொழிலில் போட்டு அதற்கு மேல் சம்பாதிப்பார்? அன்றைக்கு எங்கள் வீட்டில் அந்த வகுத்தலைப் போட யாரும் இல்லை. முதல் எட்டு மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு நாள் கதவு பூட்டியிருந்தது. அம்மாவின் காதில் கிடந்த கம்மல்வரை அதில் போயிற்று. இன்றைக்கும் எல்லையின் இரு பக்கமும் அதே வாக்குறுதியோடு புதுப் பலகைகள் ஏறுகின்றன. 2019இல் மத்திய அரசு முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்து சட்டம் போட்டது. போன பணத்தைத் துரத்தச் சட்டம் உதவலாம். போகாமல் காக்க அந்த ஒரு வகுத்தல் போதும். யாராவது இரட்டிப்பு என்றால் அவர் எதிரிலேயே போட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: கடைசிப் பத்தாண்டைப் பாருங்கள்

மூன்றாம் படித் தாளை நீட்டினால் இப்படி வரும். பத்தாம் ஆண்டு முடிவில் 2.16 லட்சம், இருபதாம் ஆண்டில் 4.66, முப்பதாம் ஆண்டில் 10.06, நாற்பதாம் ஆண்டில் 21.72. இப்போது ஒவ்வொரு பத்தாண்டிலும் சேர்ந்தது எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். முதல் பத்தில் 1.16 லட்சம். கடைசிப் பத்தில் 11.66 லட்சம். முதல் முப்பது ஆண்டில் சேர்ந்ததைவிடக் கடைசிப் பத்தாண்டில் சேர்ந்தது அதிகம்.

ரப்பர் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நட்ட கன்றில் ஏழு ஆண்டு பால் வெட்ட முடியாது. களை பறிக்கிறோம், உரம் போடுகிறோம், ஒரு சிரட்டைப் பால்கூட வராது. ஐந்தாம் ஆண்டில் பொறுமையிழந்து முறித்துப்போட்டு வாழை வைப்பவரை ஊர் என்ன சொல்லும்? பணத்தில் நாம் அதைத்தான் செய்கிறோம். ஆறாம் ஆண்டில் எடுத்துப் பார்த்து, ஐம்பதாயிரம் கூடியிருக்கிறது, இதற்கா இத்தனை காத்திருப்பு என்று காரின் முன்பணமாகக் கட்டிவிடுகிறோம்.

தாமதத்தின் விலையும் இதே தாளில் இருக்கிறது. 25 வயதில் போட்ட ஒரு லட்சம் 65இல் 21.72 லட்சம். 35 வயதில் தொடங்குபவர் 65இல் அதே தொகையைப் பார்க்க 2.16 லட்சம் போட வேண்டும்.

ஆறாம் படி: விலைவாசியையும் வரியையும் கழியுங்கள்

பத்து லட்சம் என்றதும் மகிழ்ந்துபோய் இங்கேயே நின்றுவிடுபவர்கள்தான் அதிகம். முப்பது ஆண்டு கழித்து அந்தப் பத்து லட்சம் என்ன வாங்கும்? ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம், இரண்டு புள்ளி மேலேயோ கீழேயோ போகலாம். 6 சதவீதமாகவே வையுங்கள். முப்பது ஆண்டில் விலைகள் 5.74 மடங்காகும். 10.06ஐ 5.74ஆல் வகுத்தால் 1.75. இன்றைய விலையில் ஒரு லட்சம் 1.75 லட்சமாகியிருக்கிறது, அவ்வளவுதான். விலைவாசி 4 சதவீதத்தில் நின்றால் 3.1 லட்சம். விலைவாசியும் கூட்டு வட்டியில்தான் ஏறுகிறது என்பதை மறக்கக்கூடாது.

வரியைச் சேருங்கள். நிரந்தர வைப்பின் வட்டி, கையில் வாங்காவிட்டாலும் ஆண்டுதோறும் வருமானத்தில் சேரும். 7 சதவீத வைப்பு. 20 சதவீத வரியும் அதன்மேல் கூடுதல் வரியும் கட்டுபவர் என்றால் கையில் நிற்பது 5.54 சதவீதம். வரியில்லாதவருக்கு முப்பது ஆண்டில் 7.61 லட்சம், இவருக்கு 5.04 லட்சம். 6 சதவீத விலைவாசிக்கு முன்னால் இவருடைய பணம் தேய்ந்திருக்கிறது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை. ஆகவே யார் பெயரில் போடுவது என்பதை வீட்டில் உட்கார்ந்து யோசிப்பதே ஒரு படிதான். ஆனால் கணவர் பணத்தை மனைவி பெயருக்கு மாற்றிப் போட்டால் அந்த வட்டி பொதுவாகக் கணவரின் வருமானமாகவே எண்ணப்படும். கணக்கர் ஒருவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஏழாம் படி: எங்கே போடுவது

பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது பிபிஎஃப். வட்டிக்கு வரியில்லை. ஆண்டுக்கு 1.5 லட்சத்துக்கு மேல் போட முடியாது. கணக்கை உயிரோடு வைக்க ஆண்டுக்கு 500 ரூபாயாவது போட வேண்டும். 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாக நீட்டலாம். 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம். 1986 தொடங்கி 1990கள் முடியும்வரை இதே திட்டம் 12 சதவீதம் கொடுத்தது; நாற்பது ஆண்டுக் கணக்கில் ஒரே வீதத்தை நம்பி எழுதக்கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. ஒரு நுணுக்கம்: ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே இருக்கும் குறைந்த இருப்புக்கே வட்டி. ஏப்ரல் 5க்குள் போட்டால் முழு ஆண்டு வட்டி கிடைக்கும். முதிர்வை எண்ணுவது கணக்குத் தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து. அதனால் ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்கினால் 16 ஆண்டு வட்டி, 1.5 லட்சம் 7.1இலேயே நின்றாலும் கிட்டத்தட்ட 4.5 லட்சம். வெளிநாட்டில் குடியிருப்பவர் இதைப் புதிதாகத் தொடங்க முடியாது. மஸ்கட்டிலும் துபாயிலும் இருப்பவர்களுக்கு என்ஆர்இ வைப்பு உண்டு; அங்கே குடியிருக்கும்வரை அதன் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை.

வங்கி வைப்பு. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்வரை காப்பீடு, 2020 பிப்ரவரியிலிருந்து. கூட்டுறவு வங்கிகளுக்கு இது உண்டு, தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கிடையாது. சங்கத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. முதிர்ந்த வைப்பைப் புதுப்பிக்க மறந்தால், சேமிப்புக் கணக்கு வட்டி, பழைய ஒப்பந்த வட்டி இரண்டில் எது குறைவோ அதுதான் ஓடும். ஆகவே தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பங்குகள். மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டு எண்ணான சென்செக்ஸ் 1978-79ஐ 100 என்று வைத்துத் தொடங்குகிறது. 2024 ஜூலையில் 80,000ஐத் தாண்டியது. நாற்பத்தைந்து ஆண்டில் 800 மடங்கு, ஆண்டுக்கு ஏறக்குறைய 16 சதவீதம், ஈவுத்தொகையைச் சேர்க்காமலே. இனியும் அப்படியே வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்டது, அக்டோபரில் 8,000க்கும் கீழே போனது. மறுபடி 21,000ஐப் பார்க்க 2010 நவம்பர் ஆயிற்று. பாதியாக விழுந்த பணம் பழைய நிலைக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். பத்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தை இங்கே வைக்காதீர்கள்.

பங்கு நிதியில் (மியூச்சுவல் ஃபண்ட்) போடுவதென்றால் செலவு வீதத்தை, அதாவது நிதியை நடத்த ஆண்டுதோறும் உங்கள் பணத்திலிருந்து பிடிக்கும் பங்கைப் பாருங்கள். முகவர் வழியாகப் போகும் 'ரெகுலர்' திட்டத்தைவிட, 2013லிருந்து இருக்கும் 'டைரக்ட்' திட்டத்தில் செலவு குறைவு. ஒரு சதவீதம்தானே என்று விடாதீர்கள். 12 சதவீதம் கிடைத்தால் ஒரு லட்சம் முப்பது ஆண்டில் 29.96 லட்சம், 11 என்றால் 22.89 லட்சம். அந்த ஒற்றைச் சதவீதத்தின் விலை ஏழு லட்சம். முகவர் உங்களை 2008 போன்ற ஆண்டில் பணத்தை எடுக்கவிடாமல் தடுத்து நிறுத்துவார் என்றால் அந்தச் செலவு தகும். வெறும் படிவம் நிரப்பித் தருவதற்கென்றால் தகாது.

எட்டாம் படி: பணம் உங்களைவிட அதிக நாள் இருக்கும் என்று நினைத்து எழுதுங்கள்

நாற்பது ஆண்டு என்றால் போட்டவர் மறந்துபோகலாம், இல்லாமலும் போகலாம். ஒவ்வொரு கணக்குக்கும் வாரிசுதாரரை (நாமினி) நியமியுங்கள். பத்து ஆண்டு யாரும் கோராத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்படிப் போனதைத் தேட 2023இல் 'உத்கம்' என்ற இணையதளம் வந்தது. தாத்தா பாட்டி பெயரை அதில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அவசரத்துக்கு என்று ஆறு மாதச் செலவைத் தனியாக ஒதுக்கினால்தான் மற்றதைத் தொடாமல் இருக்க முடியும். மருத்துவமனைச் செலவு வந்த இரவில் எந்த வாய்ப்பாடும் கைகொடுக்காது.

மைனி நான்கு லட்சத்தையும் 2025 ஏப்ரலில் நான்காகப் பிரித்தார். ஐம்பதாயிரம் வங்கியில், அவசரத்துக்கு. ஒன்றரை லட்சம் பிபிஎஃப், நான்காம் தேதியே கட்டிவிட்டார். ஒரு லட்சம் கிசான் விகாஸ் பத்திரம். 115 மாதம் எண்ணினால் பையன் பிளஸ் டூ முடிக்கும் காலம். ஒரு லட்சம், சென்செக்ஸ் போன்ற குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கி வைக்கும் குறியீட்டு நிதி ஒன்றின் டைரக்ட் திட்டத்தில். ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினார். முதல் வரியில் '2034 நவம்பர், அஞ்சலகம்'. இரண்டாம் வரியில் '2041 ஏப்ரல், பிபிஎஃப்'. மூன்றாம் வரிக்கு என்ன தேதி போட என்று போனில் கேட்டார். நிதிக் கணக்கின் ஃபோலியோ எண்ணை மட்டும் எழுதுங்கள் மைனி, தேதி வேண்டாம் என்றேன்.